உப்பு சொன்ன பொய்

அத்தியாயம் 7

உலையின் கதவைத் திறந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

வேல்விழி வலது கை இடுக்கியில் பீங்கான் குவளையைப் பிடித்தபடியே இடது கையால் ரிசீவரை எடுத்தாள்.

"மண்ணு டெஸ்ட் பண்ற எடமுங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"அந்தச் செருப்பு மண்ணெ அடுப்புல வெக்காதீங்க." ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல அடைத்திருந்தது. "வெச்சீங்கன்னா ஒரு உசுரு போயிருமுங்க."

"யாரு பேசுதீங்க?"

பீப், பீப் என்று சத்தம் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அடித்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"நெசமாத்தானுங்க சொல்றேன். உசுரு போயிரும். அவ்வளவுதான்..." மறுபடி பீப்.

பயத்தில் கை பழகிய வேலையைத் தானாகவே செய்தது. குவளையை உலைக்குள் வைத்தாள், கதவைச் சாத்தினாள், முள்ளை நானூறு டிகிரிக்குத் திருப்பினாள். அதற்கப்புறம்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

அவிநாசி கடைவீதியில் உரக்கடைக்கு மேலே இருந்தது அந்த ஆய்வகம். முதலாளி கோயமுத்தூர் போயிருந்தார். மாடியில் அவள் மட்டும்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நான்கு வருஷமாக விவசாயிகளின் மண்ணைச் சலித்து, நிறுத்து, சோதித்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பவள். இதுவரை அவளை யாரும் மிரட்டியதில்லை. மண்ணில் சத்து குறைவு என்று எழுதியதற்கு ஒருவர் திட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

தரணியின் செல்லுக்குப் போட்டாள்.

"கதவெத் தொறக்காதே கண்ணு. அரை மணியில வந்தர்றோம்."

தரணி திருப்பூரில் தனியார் துப்பறிவாளர். நாற்பது வயது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது, குடோனில் நூல் காணாமல் போனால் கண்டுபிடிப்பது, இதுதான் அவளுடைய வழக்கமான பிழைப்பு. நேற்றுக் காலை அவள்தான் பாலிதீன் பையில் ஒற்றைச் செருப்போடு இந்த மாடிக்கு வந்தாள். கூடவே உதவியாளர் ஜெபக்குமார். முன்னாள் ஓவர்லாக் டெய்லர். மெஷினை விட வாய் வேகமாக ஓடியதால் நான்கு கம்பெனியில் நிற்க முடியாமல் தரணியிடம் வந்து சேர்ந்தவர்.

செருப்பு ஆத்தப்பனுடையது. மகுடேஸ்வரன் என்பவரின் சாயப்பட்டறையில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். பதினோரு நாளாக ஆளைக் காணோம். மூன்று நாளைக்கு முன்பு விடியற்காலையில் வேலம்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் பின்புறமாக வந்திருக்கிறான். யாரோ வரும் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்தபோது ஒரு செருப்பு கழன்று விழுந்துவிட்டது. மகுடேஸ்வரனின் ஆள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க, முதலாளியே நேரில் தரணியிடம் வந்து கண் கலங்கியிருக்கிறார். "எம்பட பையனாட்டங்க அவன். எங்க போயி என்ன கஷ்டப்படறானோ. கண்டுபுடிச்சுக் குடுங்க."

செருப்பின் அடியில் கருத்த மண் அப்பியிருந்தது. அது எந்த ஊர் மண் என்று தெரிந்தால் ஆள் பதுங்கியிருக்கும் இடம் தெரியும் என்பது தரணியின் கணக்கு.

வேல்விழி நேற்றே ஒரு சோதனை முடித்துவிட்டாள். கொஞ்சம் மண், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் டைகுரோமேட், அதன்மேல் கந்தக அமிலம். குடுவை தொட முடியாத அளவுக்குச் சூடாகும். மண்ணில் மக்கிய இலையும் சாணமும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு டைகுரோமேட் செலவாகும். மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தால், ஊதா நிறம் சட்டென்று பச்சையாக மாறும் இடத்தில் கணக்கு கிடைத்துவிடும். கரிமம் 1.6 சதவீதம் வந்தது. இந்தச் செங்காட்டு மண்ணில் அரை சதவீதம் இருந்தாலே பெரிசு. "எரு நெறைய கொட்டுன மண்ணுக்கா. வாழைத்தோப்பு, இல்லைன்னா எருக்குழி" என்று உறுதியாகச் சொன்னாள்.

தரணி அதை அப்போதே மகுடேஸ்வரனுக்குப் போனில் சொன்னாள். பிறகு வேல்விழியிடம், "நா எப்பவுமே ஒத்தச் சாட்சிய நம்பறதில்ல கண்ணு. இத வேற மாதிரியும் பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும்க்கா. நாளைக்கு உலையில எரிச்சுப் பாக்கேன். மக்குனதெல்லாம் எரிஞ்சு போயிரும். எடை எவ்வளவு குறையுதோ, அதுதான் கணக்கு."

அந்த நாளைக்குத்தான் இன்று.

கதவு தட்டப்பட்டது. "வேல்விழி, நாந்தான்."

தாழை எடுத்தாள். தரணி உள்ளே வந்ததும் ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்தாள். ஜெபக்குமார் உலைக்கு முன்னால் நின்று கையைக் காட்டிச் சூடு பார்த்தார்.

"ஏ தாயி, ரெண்டு சப்பாத்தி வைக்கலாம் போலிருக்கே."

வேல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.  தரணி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டாள். 

"நா ஒண்ணு சொல்லோணும். பயந்துக்காதே" என்றாள் தரணி. "நேத்து சாயங்காலம் ஒரு சுமோவுல நாலு பேரு ஆத்தப்பனோட தாய்மாமன் அர்த்தநாரி வாழைத்தோப்புக்குப் போயிருக்கறாங்க. கடப்பாரையோட. எருக்குழி மொத்தத்தையும் கிளறிப்போட்டு, அவன் எங்கன்னு கேட்டு அவரெ அடிச்சிருக்கறாங்க. கை முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்கறாரு."

வேல்விழி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எருக்குழி என்று சொன்னது அவள் வாய்தான்.

"எருக்குழின்னு நா ஒருத்தருகிட்டத்தான் சொன்னேன்" என்றாள் தரணி. "பையனெத் தேடறவரு கடப்பாரை எடுத்துட்டா போவாரு? அந்தச் செருப்பும் அப்படித்தான். விடியக்காலம் அவுரு ஆளுக்கு ஆத்தப்பன் ஊட்டுப் பொறகால என்ன வேலை? எனக்கு இது மொதல்லியே கேக்கத் தோணியிருக்கோணும்."

"மாப்பிள்ளை விசாரணைன்னா முதல் கேள்வியே அதுதான கேப்பீங்க" என்றார் ஜெபக்குமார்.

பதினொன்றே காலுக்கு வேல்விழி குவளையை வெளியே எடுத்தாள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் நிறுத்தாக வேண்டும். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஆறவைத்துத் தராசில் ஏற்றினாள். பத்து கிராம் வைத்த மண். ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்று என்று காட்டியது.

மறுபடி நிறுத்தாள். அதே எண்.

"என்னாச்சு கண்ணு?"

"ஒரு சதவீதம்கூட எரியலக்கா. நேத்து கரிமம் 1.6 வந்துச்சுல்லா, அப்படின்னா மக்குனது ரெண்டே முக்கால் சதவீதம் எரிஞ்சிருக்கணும்."

"அப்ப ரெண்டு சாட்சில ஒண்ணு பொய் சொல்லுது" என்றார் ஜெபக்குமார்.

வேல்விழி மேஜைக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி வடிகட்டினாள். தெளிந்த நீரைச் சோதனைக் குழாயில் விட்டு, அலமாரியிலிருந்த பழுப்புப் புட்டியைத் திறந்து சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரிந்தது.

"உப்பு" என்றாள்.  "உப்பும் டைகுரோமேட்டைத் தின்னும்க்கா. நான் எண்ணுனது எருவை இல்ல, உப்பை. தீ உப்பை ஒண்ணும் செய்யாது, அதான் எடை குறையல. உப்பு மண்ணுன்னா முன்னாலயே அதை அடக்கிட்டுத்தான் சோதிக்கணும். தோட்டத்து மண்ணையே பாத்துப் பாத்து எனக்கு அந்த நெனப்பே வரல. என்னாலதான் அந்தப் பெரியவருக்குக் கை முறிஞ்சிருக்கு."

தரணி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு உப்பு இந்தச் சீமையில எங்க இருக்கும்?"

"சாயத்தண்ணிய வெயில்ல காயப்போடுற தொட்டிலதான். அடியில உப்பாப் படிஞ்சு கெடக்கும்."

"சரி. இப்ப அந்தப் போனுக்கு வருவோம். இன்னைக்கி மண்ண எரிக்கப்போறம்னு யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு, இவருக்கு. நா யாருகிட்டயும் சொல்லல."

இருவரும் ஜெபக்குமாரைப் பார்த்தார்கள். அவர் மூக்கைச் சொறிந்தார்.

"நேத்து மத்தியானம் செருப்பு அவருதுதானான்னு கேக்க ஆத்தப்பன் சம்சாரம் ராக்கம்மாகிட்டப் போனேம்லா? அந்தப் பொம்பள அழுதாங்க. நாளைக்கு மண்ணை அடுப்புல போட்டா ஆளு இருக்கிற எடம் தெரிஞ்சிரும், அழாதீங்கன்னு சொன்னேன். அந்த லேப் கார்டையும் குடுத்தேன். அதுக்கப்புறம் ரொம்ப அழுதாங்க. நான் சந்தோசம்னு நெனைச்சிட்டேன்."

"அவ மூலமா ஆத்தப்பனுக்குப் போயிருக்குது" என்றாள் தரணி மெதுவாக. "போன் பண்ணுனது ஆத்தப்பனேதான்."

"அவரா என்னைக் கொல்லப் பாக்காரு?" என்றாள் வேல்விழி.

"ஒத்த ரூவா பூத்துல இருந்து பேசியிருக்கான். பீப் அடிச்சுக் கட்டாகி, இன்னொரு ரூவா போட்டுப் பேசியிருக்கான். கொல்ல வர்றவன் இந்தப் பாடு படமாட்டான் கண்ணு. ஒரு உசுரு போயிரும்னானே, அது உன்ற உசுரு இல்ல. அவனோடது. கெஞ்சியிருக்கான், உனக்கு மெரட்டலாக் கேட்டிருக்குது."

 ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லித் தங்களிடம் வந்தவர்தான் வேட்டைக்காரர் என்பதும், மோப்பம் பிடித்து வழிகாட்டிக்கொண்டிருந்தது தாங்கள்தான் என்பதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"நேத்து நீ தப்பாச் சொல்லாம இருந்திருந்தா, இந்நேரம் அவன் உசுரோட இருந்திருக்கமாட்டான்" என்றாள் தரணி. "ஜெபா, ராக்கம்மாகிட்டப் போங்க. அவ வாயத் தொறக்கமாட்டா. நாம யாரு பக்கம்னு புரிய வையுங்க."

அப்போது கரண்ட் போனது. விசிறி நின்றதும் தெருச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கீழே ஒரு வண்டி வந்து நின்றது. நான்கு கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன.

தரணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சுமோ. பொறகால படி வழியாப் போயிருங்க ஜெபா."

அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அதுவே வேல்விழிக்கு இன்னும் கிலியைக் கொடுத்தது. படியில் செருப்புச் சத்தம் நிதானமாக ஏறி வந்தது. எரிந்த மண்ணின் எடையை எழுதிய தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். சோதனைக் குழாயை எடுக்க நேரமில்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மகுடேஸ்வரன் கைகூப்பிக்கொண்டே வந்தார். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள்.

"தரணியம்மாவும் இங்கதான் இருக்கறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பாக்கலாம்னு. ஏன் கண்ணு, நீங்கதான் டெஸ்ட் பண்றதுங்களா? நேத்துச் சொன்ன எடத்துல நம்ம பையன் இல்லீங்களே."

"இன்னொரு டெஸ்ட் பாத்துட்டு இருக்கறாங்க" என்றாள் தரணி.

"பாத்தாச்சுங்களா?" அவர் கண் மேஜைமேல் ஊர்ந்தது. உலை, தராசு, குவளை. சோதனைக் குழாயில் நின்றது. குனிந்து பார்த்தார். "இது என்னங்க கண்ணு, திரிஞ்சு கெடக்குது?"

 தெரியாமல் கேட்கவில்லை அவர். சாயப்பட்டறைக்காரர். தினமும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பவர். பக்கத்திலிருந்த பழுப்புப் புட்டியை எடுத்து லேபிளைப் படித்தார்.

"உப்புப் பாக்கற மருந்தாச்சே இது" என்றார். குரலில் இருந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "அந்த மண்ணுங்களா?"

தரணியின் பார்வை தன்மேல் இருப்பதை வேல்விழி உணர்ந்தாள்.  பயத்திலிருந்தே வார்த்தை வந்தது.

"இல்லீங்க. எங்க போர் தண்ணி. டெஸ்டுக்கு ஆகுமான்னு பாத்தேன். ஆகலை." அவரை நேராகப் பார்த்தாள். "இந்தப் பக்கம் எந்தக் கெணத்துத் தண்ணிய எடுத்தாலும் இப்படித்தாங்க திரியுது. எதனாலன்னு உங்களுக்கே தெரியும்."

வாசலில் நின்ற ஒருவன் தலையை நிமிர்த்தினான். மகுடேஸ்வரனின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு புட்டியை வைத்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார். ஊரில் எத்தனையோ விவசாயிகள் அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தை அது. இன்னொரு வாயிலிருந்து வருவதில் அவருக்குச் சந்தேகப்பட எதுவும் இல்லை.

"எங்களெயே சொல்லுவீங்க எல்லாரும். நாங்களும் பொழைக்கோணுமில்லீங்களா. சரி, அந்த மண்ணு என்ன சொல்லுதுங்க?"

வேல்விழி ரிப்போர்ட் தாளை இழுத்தாள். எரிப்பு முறை என்று எழுதி, எதிரே 2.8 என்று எழுதினாள். நான்கு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய் எண். கையெழுத்தும் போட்டாள்.

"நேத்து வந்ததோட பொருந்துதுங்க. எருதான். அதுல சந்தேகமே இல்ல."

"தென்னைநாரு உரமா இருக்குமோ?" என்றாள் தரணி சாவகாசமாக. "காங்கயம் ரோட்டுல ஒரு பெரிய உரக் கெடங்கு இருக்குதுங்க. பூட்டிக் கெடக்குது. நாங்க பொழுதோட போயி விசாரிச்சுச் சொல்றோம்."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்றார் மகுடேஸ்வரன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கைகூப்பினார். படியிறங்கும் சத்தம் வந்தபோது இருந்ததைவிட வேகமாக இருந்தது.

சுமோ கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை வேல்விழி ஜன்னலில் நின்று பார்த்தாள்.  தரணி தண்ணீர் கொடுத்தாள். 

"இருபது வருசமாப் பொய் கண்டுபுடிக்கறேன். நானே நம்பிட்டேன்" என்றாள் தரணி. செல்லை எடுத்துக் காங்கயம் போலீஸுக்குப் பேசினாள். அர்த்தநாரியை அடித்தவர்கள் காங்கயம் சாலை உரக் கிடங்கின் பூட்டை உடைக்கப் போகிறார்கள் என்றும், கூடவே அவர்களுடைய முதலாளியும் இருப்பார் என்றும் சொன்னாள். கையும் களவுமாகப் பிடித்தால் தாங்கள் இல்லை என்று இந்தத் தடவை அவர்கள் மறுக்க முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து ஜெபக்குமார் கூப்பிட்டார். தரணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ராக்கம்மா சொல்லிட்டாங்க. ஆளு எங்க இருக்காருன்னு நெனைக்கீங்க? மகுடேஸ்வரனோட பழைய பட்டறையில. ராயபுரம் தாண்டி ஆத்தோரம் சீல் வச்சுக் கெடக்கே, அதுல."

"வேட்டைக்காரன் ஊட்லயேவா?"

"தன் வீட்டை எவன் தேடுவான்? ஆனா அதுக்காக மட்டும் இல்லக்கா." குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "பட்டறையில வேலை பாத்த ஒடிசாப் பையங்க ரெண்டு பேரு கழிவுத் தொட்டிக்குள்ள எறங்கி, வெஷ வாயு அடிச்சுச் செத்துப்போயிருக்காங்க. ஊருக்கு ஓடிட்டாங்கன்னு சொல்லிட்டாரு முதலாளி. பொணத்தை ஆத்தப்பன் டேங்கர்லதான் ஏத்தியிருக்காங்க. பழைய பட்டறை உப்புத் தொட்டிக்குள்ள பொதைச்சதை இவர் பாத்துட்டாரு. இவர் ஊரை விட்டுப் போயிட்டா பொணத்தை வேற எடத்துக்கு மாத்திருவாங்கன்னு, அங்கேயே காவல் கெடக்காருக்கா. பதினோரு நாளா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தரணி கூட்டிவந்த வக்கீலும் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வும் முன்னால் நிற்க, அந்தப் பட்டறையின் சீல் உடைக்கப்பட்டது. மகுடேஸ்வரன் அப்போது பிடிபட்டுக் காங்கயம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். வேல்விழி யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள். பொய்யாக எழுதிய ரிப்போர்ட்டைப் பற்றி அதிகாரியிடம் அவளே சொல்ல வேண்டியிருந்தது. எடை எழுதிய உண்மைத் தாளைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

வெயிலில் தொட்டிகள் வரிசையாகக் கிடந்தன. ஊதாவும் கறுப்புமாக உப்பு வெடித்திருந்தது. ஆத்தப்பன் தாடியும் பீளைக் கண்ணுமாக வந்து நின்று மூன்றாவது தொட்டியின் மூலையைக் காட்டினான். வேல்விழியைப் பார்த்ததும் கும்பிட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் அவளும் கும்பிட்டாள்.

சுவருக்கு வெளியே ஒடிசாக்காரப் பையன்கள் இருபது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவன், செத்துப்போன பையன்களில் ஒருவனுக்கு அண்ணன். பக்கத்துப் பட்டறையில் அயர்ன் செய்கிறவன். தம்பி சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று இத்தனை நாளும் கோபமாக இருந்தவன்.

பத்தரை மணிக்கு முதல் உடல் கிடைத்தது. உப்பு அழுகவிடாமல் வைத்திருந்தது. அண்ணன்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். சற்று நேரத்தில் இரண்டாவது உடலும் கிடைத்தது. ஆர்.டி.ஓ. குறிப்பு எழுதிக்கொண்டார். தோண்டியவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

ஒருவன் மட்டும் ஏறவில்லை. மண்வெட்டியால் தட்டிப் பார்த்தான்.

"சார், இங்க இன்னும் இருக்குதுங்க."

 உப்பைச் சுரண்டியபோது ஒரு குதிகால் தெரிந்தது. வெடிப்பில் கெட்டியாக மண் அடைந்திருந்தது. இந்தத் தொட்டியின் கறுத்த மண் அல்ல. சிவப்பு மண்.

தரணி ஆத்தப்பனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "நா ரெண்டு பேரத்தானுங்க பாத்தேன். சாமி சத்தியமா ரெண்டே பேருங்க."

சுவருக்கு வெளியே நின்றவர்களைக் கேட்டார்கள். வேறு யாரும் காணாமல் போகவில்லை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். அங்கும் புகார் இல்லை. அவனைத் தேடி எந்த ஊரிலிருந்தும் யாரும் வந்திருக்கவில்லை.

 ஜெபக்குமார், "இந்தக் கேஸை யாரு குடுத்ததா எழுதிக்கிடணும்க்கா?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை.

 தரணி வேல்விழி பக்கம் திரும்பினாள்.

"டப்பா ஏதாச்சும் கொண்டாந்திருக்கியா கண்ணு?"

 ஆர்.டி.ஓ. தலையசைத்ததும் வேல்விழி கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். தொட்டிக்குள் இறங்கி, அந்தக் குதிகாலுக்கு முன்னால் மண்டியிட்டு, வெடிப்பிலிருந்த சிவப்பு மண்ணைச் சிந்தாமல் எடுக்கத் தொடங்கினாள்.